லோர் படித்தால்தான் ஆர்பிஜி விளையாட முடியுமா?

ஒரு பாத்திரமாக மாறி விளையாடும் ஆர்பிஜி கேம் பக்கம் புதிதாக வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கேம் உலகத்தின் பழங்கதையை லோர் லோர் என்கிறார்களே, அதையெல்லாம் படிக்க வேண்டுமா? படிக்காவிட்டால் கேம் புரியாமல் போய்விடுமா?" கேட்பதில் நியாயம் இருக்கிறது. கேமைத் திறந்த ஐந்தாவது நிமிடத்தில் மூன்று ராஜ்ஜியங்களின் பெயரும் இரண்டு பழைய போர்களும் ஒரு சாபமும் காதில் விழுந்துவிடுகின்றன. அலமாரியில் புத்தகம் இருக்கிறது, அதையும் எடுத்துப் பிரித்துப் படிக்க முடிகிறது. யூடியூபில் தேடினால் ஒரே ஒரு கேமின் பழங்கதையை விளக்க மணிக்கணக்கில் வீடியோக்கள் கிடக்கின்றன. விளையாட வந்தவருக்குப் பரீட்சைக்குப் படிக்க உட்கார்ந்த மாதிரி ஆகிவிடுகிறது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லோர் ரொம்ப முக்கியம். ஆனால் அது எத்தனை பக்கம் இருக்கிறது என்று எண்ணிப் பயனில்லை. உங்கள் கைக்கு எட்டுகிறதா, நீங்கள் நடக்கிற வழியை, போடுகிற சட்டையை, எடுக்கிற முடிவை அது மாற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். மாற்றினால் ஒரு பக்கம்கூடப் படிக்காமலே அந்த லோர் உங்களுக்குள் இறங்கிவிடும். மாற்றவில்லை என்றால் ஆயிரம் பக்கம் எழுதி வைத்தாலும் அது அலமாரியிலேயே இருக்கும்.

சரி, முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம்.

ஆர்பிஜி என்றால் ரோல் பிளேயிங் கேம். ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, அதை வளர்த்து, அதன் இடத்தில் நின்று முடிவெடுத்து விளையாடுவது. 1974-ல் அமெரிக்காவில் வெளியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டிலிருந்து பிறந்த வம்சம் இது. இந்தக் கேம்களைப் பற்றிப் பேசும்போது கதை, செட்டிங், லோர் என்ற மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுதான் வழக்கம்.

நீங்கள் ஒரு கோயில் ஊருக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெருக்கள், குளம், கடையில் விற்கும் பண்டம், ஜனங்கள் பேசும் பேச்சு, உச்சி வெயில், இதெல்லாம் செட்டிங். தமிழில் களம் என்று சொல்லலாம். அந்தக் குளத்தை யார் வெட்டினார்கள், அம்மன் ஏன் வடக்கே பார்த்து உட்கார்ந்திருக்கிறாள் என்று திண்ணையில் இருக்கும் பெரியவர் சொல்கிறாரே, அந்தத் தலபுராணம்தான் லோர். கூட்டத்தில் காணாமல் போன தம்பியைத் தேடி அன்றைக்கு நீங்கள் அலைவது கதை. தலபுராணம் தெரியாமலும் தம்பியைக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் ஊர் இல்லாமல் தேட முடியாது.

நம் அகத்திணை இலக்கணம் இதை இன்னும் கூர்மையாகப் பிரித்து வைத்திருக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தின் தெய்வம், உணவு, மரம், பறவை, பறை, தொழில் எல்லாம் கருப்பொருள். அங்கே வாழ்கிறவர்களின் மனநிலை உரிப்பொருள். ஒரு கேமின் உலகத்தை எடைபோட எனக்கு இதைவிட நல்ல அளவுகோல் இன்னும் கிடைக்கவில்லை. மேப் எத்தனை சதுர கிலோமீட்டர் என்பது முதல். அங்கே இருப்பவன் என்ன சாப்பிடுகிறான், எதைக் கும்பிடுகிறான், எதில் ஏறிப் பயணம் போகிறான் என்பது கரு. விளையாடும்போது உங்களுக்குள் என்ன ஊறுகிறது என்பது உரி. முதலுக்குக் கோடிக்கணக்கில் செலவழித்துவிட்டுக் கருவை மறந்துவிட்ட கேம்கள் நிறைய இருக்கின்றன. மலை அழகாக இருக்கும், காடு அழகாக இருக்கும், இரண்டு மணி நேரத்தில் அலுத்துவிடும்.

ஒரு தீவில் இறங்குவோம்

கரு எப்படி வேலை செய்கிறது என்று காட்ட நான் எப்போதும் எடுப்பது 'மோரோவிண்ட்'. எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையில் மூன்றாவது, பெதஸ்டா நிறுவனம் 2002-ல் வெளியிட்டது. இன்றைய கண்ணுக்கு முகங்கள் மரத்தில் செதுக்கின மாதிரி இருக்கும். வாள் எதிரியின் உடம்பில் பட்டதைக் கண்ணால் பார்ப்பீர்கள், உள்ளே ஓடும் கணக்கு 'படவில்லை' என்று சொல்லிவிடும். அத்தனையையும் தாங்கிக்கொண்டு இன்றைக்கும் ஜனங்கள் அதைத் திரும்பத் திரும்ப விளையாடுவது அந்தத் தீவுக்காக.

ஒரு கப்பலின் அடித்தளத்தில் கைதியாகக் கண் விழிக்கிறீர்கள். பேரரசரின் உத்தரவால் விடுதலை, காரணம் சொல்லப்படவில்லை. இறங்கும் இடம் செய்டா நீன் என்ற சின்னத் துறைமுக ஊர். மற்ற கேம்களில் 'உங்கள் பாத்திரத்தை உருவாக்குங்கள்' என்று ஒரு திரை தனியாக வரும். இங்கே அது ஒரு அரசாங்க ஆபீஸ். சுங்க அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் வயதான எழுத்தர் உங்கள் தொழில் என்ன, பிறந்த ராசி என்ன என்று கேட்டுக் காகிதத்தில் எழுதிக்கொள்கிறார். இந்தத் தீவைத் தூரத்திலிருந்து ஒரு பேரரசு ஆள்கிறது, அது தாள்களாலும் முத்திரைகளாலும் ஆள்கிறது என்று யாரும் உங்களுக்குப் பாடம் எடுக்கவில்லை. நீங்கள் வரிசையில் நின்று தெரிந்துகொண்டீர்கள்.

வெளியே வந்தால் ஊரின் ஓரத்தில், வீட்டுக் கூரைகளுக்கு மேலே உயர்ந்து, ஒரு பூச்சி நிற்கிறது. நீண்ட குரலில் முனகுகிறது. சில்ட் ஸ்ட்ரைடர் என்று பெயர். அதுதான் அந்த ஊர் பஸ். முதுகு ஓட்டைக் குடைந்து உட்கார இடம் பண்ணியிருக்கிறார்கள். ஓட்டுகிறவர் அதன் உள்ளுறுப்புகளையும் தசையையும் நேரடியாகத் தொட்டு நடத்துகிறார். காசு கொடுத்தால் பால்மோரா என்ற பெரிய ஊருக்குக் கொண்டுபோய் விடுவார். அங்கே ஒரு குதிரை வண்டியை நிறுத்தியிருந்தாலும் கேம் ஓடியிருக்கும். ஆனால் அந்தப் பூச்சியைப் பார்த்த கணத்தில், இது நான் அறிந்த எந்த ஊரும் இல்லை, இங்கே என் யூகம் எதுவும் செல்லாது என்று மனசு ஒப்புக்கொள்கிறது. உரிப்பொருள் அங்கே பிறக்கிறது. அந்நியனாக இருப்பதன் கூச்சம்.

தீவின் நடுவே சிவப்பு மலை என்ற எரிமலை. அதை நெருங்க நெருங்கச் சாம்பல் புயல். புயலுக்குள் நடந்தால் உங்கள் பாத்திரம் தானாகவே கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்கிறது. மலைப்பக்கத்து ஊர் ஒன்றில், எப்போதோ செத்துப்போன ராட்சத நண்டின் ஓட்டுக்குள்ளே பெரிய மனிதர்கள் வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். நீங்கள் போக வேண்டிய இடத்தின் மேல் அம்புக்குறி எதுவும் மிதக்காது. கேட்டால் வழி சொல்வார்கள்: இந்தப் பாலத்தைத் தாண்டு, ஆற்றோரமாகப் போ, இரண்டு பாறை சேரும் இடத்தில் திரும்பு என்று. அது உங்கள் நாட்குறிப்பில் பதிவாகும். அதனால் அந்த நிலத்தை நீங்கள் உண்மையிலேயே பார்த்தாக வேண்டும். அம்புக்குறியைத் தொடர்கிறவர் அம்புக்குறியைத்தான் பார்க்கிறார். ஆறு எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்க்கிறவருக்குத்தான் ஊர் மனப்பாடமாகிறது.

இப்போது நான் மிகவும் நேசிக்கும் ஒரு விஷயம். டெல்வானி என்று மந்திரவாதிகளின் குலம் ஒன்று கிழக்குக் கரையில் இருக்கிறது. அவர்கள் கோபுரத்தைக் கட்டுவதில்லை, வளர்க்கிறார்கள். கோபுரம் என்பது ஒரு ராட்சதக் காளான். முதல்முறை உள்ளே போனபோது மேல்தளத்துக்குப் படிக்கட்டைத் தேடி அரை மணி நேரம் சுற்றினேன். எல்லாச் சுவரையும் தடவிப் பார்த்தேன். நெட்டுக்குத்தாக ஒரு குழாய் மேலே போகிறது, அவ்வளவுதான். படி கிடையாது. மிதக்கும் மந்திரம் தெரிந்தவன் மேலே வரலாம். தெரியாதவனைப் பார்க்க அந்த மந்திரவாதிக்கு நேரமில்லை. ஒரு கஷாயத்தை வாங்கிக் குடித்துவிட்டு மெல்ல மேலே மிதந்து போனபோது, டெல்வானிகள் எப்படிப்பட்டவர்கள் என்று எனக்கு முழுசாகப் புரிந்துவிட்டது. அவர்களின் ஆணவத்தைப் பற்றி எத்தனை பக்கம் எழுதியிருந்தாலும் இவ்வளவு பதிந்திருக்காது. லோர் கைக்கு எட்டுவது என்று நான் சொல்வது இதைத்தான். கட்டடம், விதி, குணம் மூன்றும் அங்கே ஒன்றாகிவிட்டன.

இன்னொன்றும் உண்டு. ஆலயக் காவலர்கள் அணியும் பொன்னிறக் கவசம் நல்ல விலை போகும். ஆசைப்பட்டு எடுத்துப் போட்டுக்கொண்டு அந்தக் காவலர்களிடமே போய்ப் பேசினால் வாளை உருவிவிடுவார்கள். அவர்களுக்கு அது புனித உடை. அது புனிதம் என்று நீங்கள் எங்கேயும் படித்திருக்க வேண்டியதில்லை, உங்கள் முதுகில் விழுந்த அடியே சொல்லிவிடும்.

ஒரு சாவு, பல சாட்சிகள்

லோர் என்றாலே எழுதி முடித்த வரலாறு, அதை அப்படியே ஒப்பிக்க வேண்டும் என்று ஓர் எண்ணம் இருக்கிறது. நல்ல லோர் அப்படி இருப்பதில்லை, ஊர்ப்பேச்சு மாதிரி இருக்கும். ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், சொல்கிறவருக்கு ஒரு காரணமும் இருக்கும்.

மோரோவிண்டின் மையத்தில் நெரெவர் என்ற பழைய வீரனின் சாவு இருக்கிறது. சிவப்பு மலைப் போரில் பட்ட காயத்தால் இறந்தார் என்று ஆலயம் சொல்கிறது. அவருடைய நெருங்கிய துணைவர்களே கொன்றுவிட்டு, திருடிய சக்தியால் கடவுளாகி உட்கார்ந்துகொண்டார்கள் என்று சாம்பல் நிலத்து நாடோடிகள் சொல்கிறார்கள். அப்படிக் கடவுளான மூன்று பேரில் ஒருவரான விவெக் இன்னும் உயிரோடு, தன் பெயரில் உள்ள நகரத்திலேயே இருக்கிறார். நீங்கள் நேரில் போய்ப் பேசலாம். எது உண்மை என்று கேம் கடைசிவரை தீர்ப்புச் சொல்வதில்லை. நீங்கள் நெரெவரின் மறுபிறவி என்று ஒரு வாக்கு இருக்கிறது. உண்மையிலேயே மறுபிறவியா, இல்லை அந்த வேலையைச் செய்து முடித்ததால் அப்படி ஆகிவிட்டீர்களா? அதையும் உங்களிடமே விட்டுவிடுகிறது.

புதியவர்களுக்கு இதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்ற கவலையே தேவையில்லை. அந்த உலகத்தில் இருப்பவர்களுக்கே எல்லாம் தெரியாது. நாலு பேரிடம் கேட்டு, யாரை நம்புவது என்று முடிவு செய்வதுதான் அங்கே 'ரோல் பிளே' என்பது.

கதைக்குத் தேவையான ஓர் ஆளை நீங்களே கொன்றுவிட்டாலும் மோரோவிண்ட் தடுக்காது. தீர்க்கதரிசனத்தின் இழை அறுந்துவிட்டது, முன்பு சேமித்து வைத்த ஆட்டத்துக்குத் திரும்புங்கள், இல்லையென்றால் நீங்களே உண்டாக்கிய இந்த அழியப்போகும் உலகத்தில் தொடருங்கள் என்று ஒரு செய்தி மட்டும் வரும். 'கேம் ஓவர்' என்று சொல்லவேண்டிய இடத்தில்கூட அந்த உலகத்தின் மொழியிலேயே பேசுகிறது. எனக்கு அதில் பெரிய மரியாதை.

அதே வரிசையில் 2011-ல் வந்த 'ஸ்கைரிம்' நடப்பது மோரோவிண்டுக்குச் சுமார் இருநூறு ஆண்டுகள் கழித்து, வேறு நாட்டில். இடைப்பட்ட காலத்தில் சிவப்பு மலை வெடித்துவிட்டது. தீவுக்காரர்கள் அகதிகளாக ஓடிவந்துவிட்டார்கள். இதை நேராக யாரும் வந்து உங்களிடம் சொல்வதில்லை. விண்ட்ஹெல்ம் என்ற பனி நகரத்தின் வாசலில் முதல்முறை நுழைந்ததும், உள்ளூர் ஆட்கள் இரண்டு பேர் ஒரு சாம்பல் நிறப் பெண்ணைச் சீண்டிக்கொண்டிருப்பார்கள். அவள் இனத்தார் எல்லாரும் நகரத்தின் ஓர் இருட்டுப் பேட்டையில் ஒதுக்கப்பட்டிருப்பார்கள். மோரோவிண்ட் தெரியாதவருக்கு அது ஓர் அநியாயமான காட்சி. தெரிந்தவருக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும். நண்டு ஓட்டுக்குள்ளும் காளான் கோபுரத்திலும் தலைநிமிர்ந்து வாழ்ந்து, வெளியூர்க்காரனான உங்களை அந்நியன் என்று முகம் சுளித்தவர்களின் வம்சம் அது. இரண்டு பேரும் அந்தக் கேமை முழுசாக விளையாடலாம், ஒருவருக்கும் குறை இல்லை. லோர் தெரிந்தவருக்குக் கொஞ்சம் அதிகமாகக் கிடைக்கிறது, தெரியாதவரிடமிருந்து எதையும் பிடுங்கிக்கொள்வதில்லை. இப்படித்தான் இருக்க வேண்டும்.

படித்தால் உயிர் தப்பும் லோர்

போலந்து நாட்டு சிடி பிராஜெக்ட் ரெட் நிறுவனத்தின் 'விட்ச்சர் 3' 2015-ல் வந்தது. கூலிக்குப் பேய் விரட்டும் கெரால்ட் என்பவராக விளையாடுகிறீர்கள். தொடக்க ஊரிலேயே ஒரு சின்ன வேலை வரும். கைவிடப்பட்ட ஒரு குடியிருப்பில் கிணறு, அந்தக் கிணற்றைச் சுற்றி உச்சிவேளையில் ஒரு பேய். தண்ணீர் வேண்டும் என்று கேட்பவருடைய மகள் நோயில் கிடக்கிறாள்.

அது நண்பகல் பேய். வெயில் உச்சிக்கு ஏறும்போது வயலில் நிற்பவர்களைப் பிடிக்கும் பெண் உரு என்று ஸ்லாவிய நாடுகளின் கிராமங்களில் உண்மையிலேயே சொல்லப்பட்டு வந்த நம்பிக்கை அது. நடுப்பகலில் வெளியே சுற்றாதே என்று குழந்தைகளை மிரட்டி வளர்த்த எல்லா ஊருக்கும் இது புரியும். கேமில் நீங்கள் தடயம் தேடுகிறீர்கள், கிணற்றுக்குள்ளே கொன்று தொங்கவிடப்பட்ட ஒரு பெண்ணின் எலும்பைக் காண்கிறீர்கள், உள்ளே இறங்கி அவளுடைய வளையலை எடுக்கிறீர்கள். இரண்டையும் எரித்தால்தான் அவளுக்கு விடுதலை. அவளோடு மோதவும் வேண்டும். கெரால்டின் குறிப்பேட்டில் அந்தப் பேயைப் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது. எந்த எண்ணெயை வாளில் பூச வேண்டும், எந்த மந்திர வளையத்துக்குள் நிற்கவைத்தால் அவளுக்கு உடம்பு வந்து அடிபடும் என்று அதில்தான் எழுதியிருக்கும். படிக்காமல் போனால் காற்றை வெட்டிக்கொண்டிருப்பீர்கள்.

லோர் இங்கே கருவியாகிவிட்டது. கெரால்டின் தொழிலே அறிவுதான், அதனால் நீங்கள் படிப்பதும் அந்தப் பாத்திரத்தை நடிப்பதும் ஒரே வேலை ஆகிவிடுகிறது.

இந்த எண்ணம் புதிதும் இல்லை. 1985-ல் ரிச்சர்ட் கேரியட் செய்த 'அல்டிமா 4' பெட்டியில் துணியில் அச்சிட்ட ஒரு மேப்பும், படிக்கச் சின்னப் புத்தகங்களும் இருந்தன. அன்றைய டிஸ்கில் இடம் குறைவு, அதனால் உலகத்தின் ஒரு பாதி பெட்டியில் வந்தது. அந்தக் கேமில் கொல்லவேண்டிய கடைசி வில்லன் என்று யாரும் கிடையாது. நேர்மை, இரக்கம், வீரம், நீதி, தியாகம், கண்ணியம், ஆன்மிகம், பணிவு என்ற எட்டு அறங்களில் தேற வேண்டும். மந்திரத்துக்கான மூலிகை விற்கும் பெண்ணுக்குக் கண் தெரியாது. எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று நீங்களே எண்ணைத் தட்ட வேண்டும். குறைத்துத் தட்டினாலும் வாங்கிக்கொள்வாள், ஒன்றும் நடக்காது. ஆனால் உள்ளே உங்கள் நேர்மைக் கணக்கு குறைந்துகொண்டே போகும். அறம் என்பது அந்த உலகத்தின் லோர், அதைக் கடைத்தெருவில் கொண்டுவந்து வைத்துவிட்டார் கேரியட். அன்றைய கணினிகளின் கட்டம் கட்டமான படங்களை வைத்துக்கொண்டு!

சொல்லாமல் விடுவது

நேர் எதிர்த்திசையில் போனது ஜப்பானின் ஃபிரம்சாஃப்ட்வேர். 2011-ல் வந்த 'டார்க் சோல்ஸ்' கேமின் இயக்குநர் ஹிடெடாக்கா மியாசாகி, சிறுவயதில் தனக்கு முழுசாகப் புரியாத ஆங்கிலப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு, புரியாத இடங்களைக் கற்பனையால் நிரப்பிப் படித்ததாகப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவர் கேமும் அப்படித்தான் இருக்கிறது. பாதிப் பக்கம் கிழிந்த புத்தகம். ஒரு மோதிரத்தின் கீழே இரண்டு வரி, ஒரு கேடயத்தின் கீழே ஒரு வரி, மீதியை நீங்கள் கோக்க வேண்டும்.

ஒரு காட்டின் உள்ளே பெரிய கல்லறை. அருகே போனால் யானை அளவு ஓநாய் ஒன்று, சிஃப் என்று பெயர், வாயில் ஒரு மனிதனின் பெரிய வாளைக் கவ்விக்கொண்டு வந்து நிற்கும். கதை நகர வேண்டும் என்றால் அதைக் கொன்று ஒரு மோதிரத்தை எடுக்க வேண்டும். சண்டையின் கடைசியில், உயிர் போகும் நிலையில், ஓநாய் நொண்டத் தொடங்கும். வாளைத் தூக்க முடியாமல் தடுமாறி விழும். அப்படியும் கல்லறையை விட்டு நகராது. யார் கல்லறை, ஏன் காக்கிறது என்று அந்த நேரத்தில் உங்களுக்குத் தெரியாது. ஆனால் ஏதோ தப்பு செய்கிறோம் என்று கை தயங்கும்.

பிறகு வந்த கூடுதல் பகுதியில் பழைய காலத்துக்குப் போய், ஆர்டோரியஸ் என்ற வீரன் தன் குட்டி ஓநாயைக் காப்பாற்றத் தன் கேடயத்தையே அதன்மேல் வைத்துவிட்டுப் போனதைப் பார்ப்பீர்கள். அந்தக் குட்டியை நீங்கள் மீட்கலாம். இதை முதலில் முடித்துவிட்டுக் கல்லறைக்குப் போனால், காட்சியே மாறுகிறது. சிஃப் பாய்வதில்லை. உங்களை முகர்ந்து பார்க்கும். அடையாளம் தெரிந்துகொள்ளும். தலையைத் தூக்கி ஊளையிட்டுவிட்டு, அப்புறம் வாளைக் கவ்வும். ஒரு சொல்கூட இல்லை. எத்தனையோ கேம்களில் பக்கம் பக்கமாக வரலாறு படித்திருக்கிறேன், அந்த முகர்தல் அளவுக்கு எதுவும் என்னைக் குலைத்ததில்லை.

லோர் தோற்கும் இடம்

எல்லாம் நன்றாக அமைந்துவிடாது. 2009-ல் ஜப்பானில் வெளியான 'ஃபைனல் ஃபேன்டஸி 13' அழகான கேம், இசை அற்புதம். ஆனால் ஃபல்சி, லசி, சீத், கக்கூன், பல்ஸ் என்று சொற்களைக் கொட்டிவிட்டு, அவை என்ன என்பதைத் தனியாக ஒரு குறிப்புப் பட்டியலில் எழுதி வைத்துவிட்டது. பாத்திரங்கள் அந்தச் சொல்லைச் சொல்லி அழுகிறார்கள், சண்டை போடுகிறார்கள். நமக்கு அகராதி பார்த்துவிட்டு அழ வேண்டிய நிலைமை. அந்த உலகம் ஆழமில்லாதது என்று சொல்லமாட்டேன். வாசலைக் கட்ட மறந்துவிட்டார்கள்.

மறுபக்கம், லோர் கிட்டத்தட்ட தேவையே இல்லாத ஆர்பிஜிகளும் இருக்கின்றன. 'டையாப்லோ 2' 2000-ல் வந்தது. அதில் தேவதைகளுக்கும் அசுரர்களுக்கும் நடக்கும் போரின் வரலாறு நீளமாக இருக்கிறது. அதில் ஒரு வரிகூடத் தெரியாமல் வருஷக்கணக்காக விளையாடியவர்கள் ஏராளம். அடிப்பது, பொருள் எடுப்பது, பாத்திரத்தின் பலத்தைக் காட்டும் எண்களைக் கூட்டுவது, அந்த மகிழ்ச்சிக்குப் பழங்கதை வேண்டாம். ஆனால் அங்கேயும் களம் வேலை செய்கிறது. முதல் டையாப்லோவில் உங்களுக்கு வாள் விற்று, பழுது பார்த்துக் கொடுத்த கொல்லர் கிரிஸ்வோல்ட், இரண்டாவதில் எரிந்துபோன அதே ஊரில் நடைபிணமாக உங்கள்மேல் பாய்வார். என்ன போர், யாருக்கும் யாருக்கும் என்று தெரியாதவருக்கும் அந்த முகம் தெரியும். லோரை விட்டுவிட்டு ஆர்பிஜி செய்யலாம். களத்தை விட்டுவிட்டு முடியாது.

எல்லாம் மறந்தவன்

2019-ல் வந்த 'டிஸ்கோ எலிசியம்' இந்தச் சிக்கலுக்குக் கண்டுபிடித்த வழி, நான் பார்த்ததிலேயே புத்திசாலித்தனமானது. எஸ்டோனியாவில் தொடங்கிய நண்பர் குழு ஒன்று பல வருஷம் பேசிப் பேசி வளர்த்த உலகம் அது. அதன் கதாநாயகன் ஒரு போலீஸ் துப்பறிவாளன். குடித்துக் குடித்து, தன் பெயரை மட்டுமல்ல, உலகத்தையே மறந்துவிட்டு ஓர் ஓட்டல் அறையில் எழுகிறான். பணம் என்றால் என்ன, இது எந்த நகரம், யார் ஆள்கிறார்கள் என்று கேட்க அவனுக்கு உரிமை இருக்கிறது, ஏனென்றால் உண்மையிலேயே அவனுக்குத் தெரியாது. கேட்டால் எதிரே இருப்பவர் ஒரு மாதிரி பார்க்கிறார். அந்தப் பார்வையும் கதையில் சேர்ந்துவிடுகிறது.

அவனுக்கு இருபத்து நான்கு திறமைகள். அதில் ஒன்று என்சைக்ளோபீடியா. அதை வளர்த்தால் மூளைக்குள் ஒரு குரல் சம்பந்தமில்லாத தகவல்களை எடுத்து எடுத்துப் போடும். லோர் எவ்வளவு வேண்டும் என்ற கேள்வியை ஆட்டக்காரரின் கையிலேயே ஒரு எண்ணாகக் கொடுத்துவிட்டார்கள்! வேண்டாமா, அதில் புள்ளி போடாதீர்கள், முரட்டுத்தனமாக விளையாடுங்கள். நகரம் அப்போதும் சும்மா இருக்காது. புரட்சி தோற்று அரை நூற்றாண்டு ஓடிவிட்டது, குண்டு விழுந்த பள்ளம் இன்னும் மூடப்படவில்லை. பழைய ராஜாவின் சீருடையை இன்னும் கழற்றாத ஒரு கிழவர், தன் சிநேகிதரோடு அந்தப் பள்ளத்தில் இரும்புக் குண்டு உருட்டி விளையாடிக்கொண்டிருக்கிறார். தோற்றவர்கள், ஜெயித்தவர்கள், இருவருக்கும் வயதாகிவிட்டது, இருவரும் ஏழைகள். ஒரு நூலகம் சொல்லவேண்டியதை அந்தப் பள்ளம் சொல்லிவிடுகிறது.

சரி, எங்கே தொடங்குவது?

விளையாடுவதற்கு முன் லோர் வீடியோ பார்க்காதீர்கள். டார்க் சோல்ஸ் மாதிரி கேமில் அது, விடுகதையின் விடையை முதலில் கேட்டுவிட்டு உட்காருவது போல. முடித்த பிறகு பாருங்கள், அப்போது அது பெரிய விருந்து.

முதல் இரண்டு மணி நேரம் படிப்பதைவிடப் பார்ப்பது நல்லது. இவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எங்கே விளைகிறது, எந்தக் காசு ஓடுகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். நல்ல உலகத்தில் இதற்குப் பதில் கண்ணில் படும். அணுப்போருக்குப் பிறகான 'ஃபால்அவுட்' வரிசையில் குளிர்பான மூடிதான் பணம். வேடிக்கையாகத்தான் தெரியும். ஆனால் 1997-ன் முதல் கேமிலேயே தண்ணீர் வியாபாரிகள் பின்னால் நின்று அந்த மூடிக்கு மதிப்புக் கொடுப்பதாகக் காரணம் வைத்திருக்கிறார்கள். பாலைவனத்தில் தண்ணீரைவிட உறுதியான பொன் எது? 2010-ல் வந்த 'நியூ வேகஸ்' கேமில், ஒரு குடியரசு தன் தங்கக் கையிருப்பைப் போரில் இழந்ததால் அதன் நோட்டுக்கு மதிப்பு இறங்கி, ஜனங்கள் மறுபடி மூடிக்குத் திரும்பியிருப்பார்கள். கதைக்கு இது தேவையே இல்லை. ஆனால் இவ்வளவு யோசித்தவர்களை நம்பி நாற்பது மணி நேரம் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றுவது இந்த மாதிரி இடங்களில்தான்.

முந்தைய பாகங்களை விளையாடியாக வேண்டுமா என்றும் கேட்பார்கள். ஸ்கைரிமுக்கு வேண்டாம். விட்ச்சர் 3-க்கும் வேண்டாம், சில பழைய நண்பர்களின் பெயர் மட்டும் புதிதாக இருக்கும். 'மாஸ் எஃபெக்ட்' மூன்றையும் வரிசையாகவே விளையாடுங்கள். 2007, 2010, 2012 என்று வந்த அந்த மூன்றிலும் நீங்கள் எடுத்த முடிவுகள், ஆட்டத்தைச் சேமித்து வைக்கும் சேவ் ஃபைலோடு அடுத்த பாகத்துக்குப் போகும். அங்கே பழைய வரலாறு என்பது நீங்களே செய்து வைத்தது.

கேமுக்குள் கிடைக்கும் புத்தகங்களில் மனசு பிடித்ததை மட்டும் படியுங்கள், மற்றதை வைத்துவிடுங்கள், குற்றவுணர்வு வேண்டாம். பெரும்பாலும் இரண்டு மூன்று பக்கம்தான் இருக்கும்.

மோரோவிண்டிலேயே தொடங்குகிறேன் என்று துணிகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. சுங்க அலுவலகத்தின் முற்றத்தில் ஒரு பீப்பாய் இருக்கும், அதற்குள் ஒரு மோதிரம். எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தால், குட்டையான ஒருவன் உங்களிடம் வந்து தன் மோதிரம் காணோம் என்று புலம்புவான். அவன் பெயர் ஃபார்கோத். விற்றால் காசு கிடைக்கும், வைத்துக்கொண்டாலும் யாரும் கேட்கப்போவதில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு அந்த ஊர்க் கடைக்குப் போய்ப் பாருங்கள். கடைக்காரர் ஃபார்கோத்தின் சிநேகிதர். விஷயம் அதற்குள் அவர் காதுக்கு வந்திருக்கும், உங்களைப் பார்க்கும் அவர் முகம் கொஞ்சம் இளகியிருக்கும்.